உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் தேர்தல் கணக்கை நீங்களே எழுதுவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"மூணு தடவை ஜெயிச்சவர்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் நம் பக்கத்தில் பேச்சு அதோடு முடிந்துவிடும். எந்த எல்லைக்குள் நின்று ஜெயித்தார், யாருடைய கூட்டணியில் நின்றார், எதிரே எத்தனை பேர் ஓட்டைப் பிரித்தார்கள், நடுவில் எத்தனை முறை தோற்றார், தோற்ற பிறகு எங்கே போனார் என்று கேட்டுப் பாருங்கள், அவருடைய கட்சிக்காரரே தலையைச் சொறிவார். இத்தனைக்கும் எல்லாம் அரசு ஆவணங்களிலேயே இருக்கிறது, பெரும்பாலானதற்குக் காசும் இல்லை. எதை எங்கே தேடுவது, தேடி எடுத்ததை எப்படிப் படிப்பது என்பதுதான் சிக்கல்.

டெல்டா என்று நான் இங்கே சொல்வது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களின் 18 தொகுதிகளை. எண் 160 சீர்காழியில் தொடங்கி 177 பேராவூரணியில் முடியும் வரிசை. மற்ற ஊர்க்காரர்களுக்கும் முறை இதேதான், உதாரணங்கள் மட்டும் மாறும்.

முதலில் கட்டம் போடுங்கள்

நோட்டோ எக்செல்லோ, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு தேர்தலுக்கு ஒரு வரி. அதில் வேண்டியவை: ஆண்டு, தொகுதி, பொதுவா தனியா (பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கியதா), கட்சி, சின்னம், கூட்டணி, பெற்ற ஓட்டு, செல்லுபடியான மொத்த ஓட்டு, இரண்டாம் மூன்றாம் இடத்தில் வந்தவர்களும் அவர்கள் ஓட்டும், வித்தியாசம், பதவி தொடங்கிய நாள், முடிந்த நாள், முடிந்த காரணம். கட்சியையும் சின்னத்தையும் ஏன் தனித்தனியாகக் கேட்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும். தோற்ற தேர்தலுக்கும் ஒரு வரி உண்டு. இதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறார்கள்.

பெயரைப் பிடிப்பது

கேட்க எளிதாகத் தோன்றும், ஆனால் இங்கேதான் அதிக நேரம் போகும். நம் தலைவர்களுக்கு ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று, வாக்குச்சீட்டில் இருக்கும் பெயர் ஒன்று. கீழ்வேளூரில் 2011-லும் 2021-லும் வென்ற மார்க்சிஸ்ட் உறுப்பினரை எல்லோரும் நாகை மாலி என்பார்கள், அவருடைய இயற்பெயர் மகாலிங்கம். 'மாலி' என்று மட்டும் தேடினால் ஒரு தேர்தல் கையை விட்டுப் போகலாம். பட்டுக்கோட்டை என்.ஆர்.ரெங்கராஜனை எடுத்துக்கொண்டால், 'ரெங்க' என்றும் 'ரங்க' என்றும் ஆங்கிலத்தில் மாறி மாறி எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில ஆண்டுகளில் வரவே வராது. அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். தொகுதியை வைத்து அந்த ஆண்டின் முழு வேட்பாளர் பட்டியலை எடுத்து, ஆளைக் கண்ணால் தேடுங்கள். அதே பெயரில் இரண்டு சுயேச்சைகளும் நின்றிருப்பார்கள், அது நம்ம ஊர் பழைய உத்தி. அவர்கள் ஓட்டையும் ஓரமாகக் குறித்து வையுங்கள், வித்தியாசம் சொற்பமாக இருந்தால் அப்புறம் உதவும்.

தொகுதி என்பது எந்த நிலம்?

இந்தக் கட்டத்தில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் இங்கே தப்பினால் அதற்குப் பிறகு போடும் கணக்கு எல்லாம் வீண். 2008-இல் வந்த தொகுதி எல்லை மறுவரையறை 2011 சட்டமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. வலங்கைமான், குத்தாலம், திருவோணம் என்ற தொகுதிகள் அதோடு போய்விட்டன. கீழ்வேளூர் புதிதாக வந்தது, அதுவும் தனித்தொகுதியாக. 2006 வரை தனித்தொகுதியாக இருந்த திருவாரூர் பொதுத்தொகுதி ஆனது. பெயர் மாறாத தொகுதிகளிலும் ஊராட்சிகள் இங்கிருந்து அங்கே போயிருக்கின்றன. ஆகவே 2006-இல் 'அ' என்ற தொகுதியில் ஒருவர் வாங்கிய ஓட்டையும் 2011-இல் அதே பெயருள்ள தொகுதியில் வாங்கிய ஓட்டையும் பக்கத்தில் வைத்து "செல்வாக்கு கூடியது, குறைந்தது" என்று எழுதவே கூடாது. கட்டத்தில் 2006-க்கும் 2011-க்கும் நடுவே ஒரு தடித்த கோடு போடுங்கள்.

இந்த எல்லை மாற்றம் ஆட்களையே இடம் மாற்றியிருக்கிறது. உ.மதிவாணன் 2006-இல் திருவாரூரில் தி.மு.க. சார்பில் வென்றவர், 2016-இல் அவர் வென்றது கீழ்வேளூரில். தனித்தொகுதி எது என்ற பட்டியல் தெரியாமல் இதைப் படித்தால், ஏதோ ஊர் பிடிக்காமல் கிளம்பிவிட்டார் என்று தோன்றும். அதே மாற்றத்தால்தான் 2011-இல் மு.கருணாநிதி திருவாரூரில் நிற்க முடிந்தது. அவர் பிறந்த திருக்குவளை பக்கம்தான், படித்ததும் திருவாரூரில், ஆனால் தனித்தொகுதியாக இருந்தவரை அங்கே அவர் போட்டியிட வழியில்லை.

மாவட்டப் பெயரும் ஏமாற்றும். 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. அதற்கு முன்னால் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. 1980-இன் பேரவைக் குறிப்பில் "தஞ்சாவூர் மாவட்டம்" என்று போட்டிருந்தால் அவர் வேதாரண்யத்துக்காரராகவும் இருக்கலாம்.

முடிவுகளை எடுப்பது

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது, முதல் பொதுத்தேர்தலில் இருந்தே. தமிழ்நாடு என்ற பெயர் 1969-இல்தான் வந்தது என்பதால் 1967 வரையான அறிக்கைகளை 'மெட்ராஸ்' என்ற தலைப்பில் தேட வேண்டும். 1952 தேர்தலை 1951 என்று போட்டிருப்பார்கள், காணோமே என்று பதற வேண்டாம். அப்போது 375 இடங்கள், 1957-இல் 205, 1962-இல் 206, 1967-இல் இருந்து 234. முதல் இரண்டு தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் இருந்தன. அங்கே இரண்டு பேர் வெல்வார்கள், ஆளுக்கு இரண்டு ஓட்டு, எனவே இன்றைய வித்தியாசக் கணக்கு அதில் செல்லாது.

அடுத்து கட்சிப் பெயர். 1957-இல் தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டபோது அது அங்கீகரிக்கப்பட்ட கட்சி இல்லை, அதனால் அதன் வேட்பாளர்கள் ஆணையத்தின் அறிக்கையில் சுயேச்சைகள். குளித்தலையில் வென்ற கருணாநிதியும் அப்படித்தான் இருப்பார். 1989-இல் அ.தி.மு.க. இரண்டாக நின்று இரட்டை இலை முடங்கியதால், ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. இவற்றை "வேறு கட்சியில் இருந்தார்" என்று எழுதினால் ஊரில் சிரிப்பார்கள்.

அண்மைக் காலத்தில் சிக்கல் இன்னொரு மாதிரி. 2016-இல் நாகப்பட்டினத்தில் வென்ற மு.தமிமுன் அன்சாரி மனிதநேய ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் நின்றது இரட்டை இலையில், அதனால் ஆணையத்தின் ஏட்டில் அவர் அ.தி.மு.க. 2021-இல் பாபநாசத்தில் மனிதநேய மக்கள் கட்சியின் எம்.எச்.ஜவாஹிருல்லா உதயசூரியனில் நின்று வென்றார், ஏட்டில் தி.மு.க. அதே 2021-இல் நாகப்பட்டினத்தில் வென்ற ஆளூர் ஷாநவாஸ் விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளராகத் தனிச் சின்னத்தில் நின்றதால் வி.சி.க. என்றே பதிவாகியிருக்கிறார். இப்போது தெரிகிறதா, கட்சிக்கும் சின்னத்துக்கும் தனித்தனிக் கட்டம் ஏன் என்று?

கட்சி மாறியவர் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் இணைப்பா, தாவலா என்று பார்த்துவிடுங்கள். ரெங்கராஜன் 2001-இல் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.), 2006-லும் 2011-லும் காங்கிரஸ். நடுவில் 2002-இல் த.மா.கா.வே காங்கிரஸோடு இணைந்துவிட்டது. அதைத் தொடங்கிய மூப்பனார் ஊர்ப் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதே இல்லை, ஆனால் வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இந்தத் தவறு சாதாரணம்.

இடைத்தேர்தல்கள் இந்தப் பொது அறிக்கைகளில் வராது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

கூட்டணிக் கட்டம்: டெல்டாவின் நிஜக் கதை

ஒரு தொகுதியை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். திருத்துறைப்பூண்டி, தனித்தொகுதி, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பழைய கோட்டை. 2006-இல் கே.உலகநாதன் வென்றார், அப்போது அவர் கட்சி தி.மு.க. கூட்டணியில். 2011-இல் அதே உலகநாதன் மறுபடி வென்றார், இந்தமுறை அ.தி.மு.க. கூட்டணியில். 2016-இல் கம்யூனிஸ்டுகள் இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டு மக்கள் நலக் கூட்டணிக்குப் போனார்கள், தொகுதி தி.மு.க.வின் ஆடலரசனிடம் போனது. 2021-இல் திரும்பவும் தி.மு.க. அணி, திரும்பவும் இந்தியக் கம்யூனிஸ்ட், க.மாரிமுத்து.

இதைப் பார்த்துவிட்டு "கூட்டணி ஓட்டில்தான் ஜெயித்தார்கள், சொந்த ஓட்டு கிடையாது" என்று ஒரு பக்கம் சொல்வார்கள். இரண்டு எதிரெதிர் அணியில் நின்றும் ஒரே ஆள் ஜெயித்தாரே, சொந்த ஓட்டு இல்லாமலா என்று மறுபக்கம் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் செய்வது இதுதான்: கூட்டணி இல்லாமல் நின்ற தேர்தல் எது என்று பார்த்து, அந்த ஆண்டில் அந்தக் கட்சி அந்தத் தொகுதியில் வாங்கிய ஓட்டை எடுத்துக்கொள்வேன். அதுதான் அடிமட்டம். அதற்கு மேலே இருப்பதைக் கூட்டணியும் அலையும் வேட்பாளரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். மாநில அலை எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். 2011 போன்ற ஆண்டில் அ.தி.மு.க. அணியில் ஜெயிப்பதற்கும், அதே ஆண்டில் மன்னார்குடியில் டி.ஆர்.பி.ராஜா மாதிரி, கும்பகோணத்தில் க.அன்பழகன் மாதிரி, எதிர் அலையில் தி.மு.க.வுக்காக ஜெயிப்பதற்கும் எடை வேறு. அதேபோல 2021-இல் ஆட்சி கைமாறியபோது அ.தி.மு.க.வுக்காக நன்னிலத்தில் ஆர்.காமராஜும் வேதாரண்யத்தில் ஓ.எஸ்.மணியனும் தாக்குப்பிடித்தார்கள். "மூன்று வெற்றி" என்ற சொல்லுக்குள் இவை எல்லாம் ஒன்றாகக் கலந்து மறைந்துவிடுகின்றன.

கணக்கு

வித்தியாசத்தை எண்ணாக மட்டும் எழுதாதீர்கள், செல்லுபடியான மொத்த ஓட்டில் எத்தனை சதவீதம் என்று போடுங்கள். வாக்காளர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால் ஓட்டு எப்போதும் கூடுவதுபோலத்தான் தெரியும். அப்புறம் மூன்றாம் இடம். மூன்றாவது ஆள் வாங்கிய ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால் அந்த வரியில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்த வெற்றிகள் எத்தனை, வைக்காதவை எத்தனை என்பதே பாதி கதையைச் சொல்லிவிடும்.

டெபாசிட் விஷயம்: செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய 10,000 ரூபாய் திரும்பும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. 2013-இல் வந்த நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

வாக்குச்சாவடி வாரியாக இறங்குவது

படிவம் 20 என்று ஒன்று உண்டு, தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று முழுதாக இருக்கும். எம்.எல்.ஏ.வின் சொந்த ஊரில் என்ன விழுந்தது, கடலோரத்தில் என்ன, ஆற்றுப் பாசனப் பகுதியில் என்ன, நகராட்சி வார்டுகளில் என்ன என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல ஆவணம் இல்லை. தபால் ஓட்டு கடைசியில் தனி வரியாக இருக்கும், கூட்ட மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 2021-இல் கொரோனா காரணமாகச் சாவடிக்குச் சுமார் ஆயிரம் வாக்காளர் என்று குறைத்ததால் ஏகப்பட்ட துணைச் சாவடிகள் முளைத்தன. 2016-இன் 112-ஆம் சாவடியும் 2021-இன் 112-ஆம் சாவடியும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. சாவடிப் பட்டியலில் உள்ள பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்தி, ஊராட்சி அளவில் கூட்டி ஒப்பிடுங்கள்.

எப்போது வந்தார், எப்படிப் போனார்

"2016 முதல் 2021 வரை" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். தஞ்சாவூர்த் தொகுதியைப் பாருங்கள். 2016 மே மாதம் ஊரெல்லாம் ஓட்டுப் போட்டபோது, பணப்பட்டுவாடா புகாரில் தஞ்சாவூருக்கும் அரவக்குறிச்சிக்கும் தேர்தல் நிறுத்தப்பட்டது. நவம்பர் 19-இல்தான் ஓட்டுப்பதிவு, அ.தி.மு.க.வின் எம்.ரெங்கசாமி வென்றார். 2017 செப்டம்பர் 18-இல் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் அவரும் ஒருவர், டி.டி.வி.தினகரன் அணியில் இருந்தவர்கள் அவர்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பாகி, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்று ஆனது. 2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் டி.கே.ஜி.நீலமேகம் வென்றார், 2021-இல் மறுபடியும். ஆக ஐந்தாண்டுப் பேரவையில் ரெங்கசாமி உறுப்பினராக இருந்தது ஓராண்டுகூட இல்லை. அந்த ஊர் மக்கள் உறுப்பினரே இல்லாமல் கழித்த காலம் அதைவிட அதிகம்.

திருவாரூரிலும் இப்படித்தான். 2018 ஆகஸ்ட் 7-இல் கருணாநிதி மறைந்தார். 2019 ஜனவரி 28-க்கு இடைத்தேர்தல் அறிவித்து, கஜா புயல் நிவாரணம் நடந்துகொண்டிருப்பதால் ரத்து செய்து, பிறகு ஏப்ரலில் நடத்தினார்கள், பூண்டி கே.கலைவாணன் வந்தார். பாபநாசத்தில் அமைச்சர் இரா.துரைக்கண்ணு 2020 அக்டோபர் 31-இல் காலமானபோது இடைத்தேர்தலே இல்லை, ஏனென்றால் பேரவையின் மீதிக் காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் நடத்தத் தேவையில்லை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது.

தோற்ற பிறகு ஆள் எங்கே போனார் என்பதும் பதவிக் கணக்குதான். ஒரத்தநாட்டில் 2001, 2006, 2011 என்று வென்ற ஆர்.வைத்திலிங்கம் 2016-இல் தோற்றார், அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போனார், 2021-இல் மீண்டும் வென்றதும் அந்தப் பதவியை விட்டார். திருவையாற்றில் 1989-இல் நடிகர் சிவாஜி கணேசனைத் தோற்கடித்த துரை.சந்திரசேகரன் 2016-லும் 2021-லும் அதே தொகுதியின் உறுப்பினர். இப்படிப்பட்ட நீண்ட கணக்குகளில் இடைவெளிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரம்

வேட்பாளர் தன் வழக்குகளையும் சொத்தையும் சொல்லும் படிவம் 26. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு வந்தது, எனவே 2004-க்கு முந்தைய வேட்பாளர்களுக்கு இதைத் தேடி அலைய வேண்டாம். ஆணையத்தின் தளத்தில் ஸ்கேன் பிரதி இருக்கும், தன்னார்வ அமைப்பு நடத்தும் மைநேதா தளத்தில் தொகுத்த வடிவம் இருக்கும். தொகுத்ததைப் பார்த்துவிட்டு மூலத்தைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வழக்குகளில் எண்ணிக்கையை எண்ணுவது சோம்பேறித்தனம். காவிரிக்காகச் சாலை மறியல், ரயில் மறியல் செய்த எந்தக் கட்சிக்காரர் மேலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 341, 188 வரிசையாக இருக்கும், 2024 ஜூலைக்குப் பிறகான வழக்கு என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 189, 126, 223. அந்த மாதிரிப் பத்து வழக்கும் ஒரே ஒரு மோசடி வழக்கும் ஒன்றில்லை. பிரிவைப் படியுங்கள், குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்ற கட்டத்தையும் பாருங்கள்.

சொத்தில் நிலம்தான் குழப்பும். ஊரில் மா கணக்கில் பேசுவோம், பத்திரத்தில் ஏக்கர், சென்ட். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பை ஒப்பிடும்போது, தமிழக அரசு 2017 ஜூனில் பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்ததையும் 2023 ஏப்ரலில் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததையும் மனதில் வையுங்கள். வழிகாட்டி மதிப்பை வைத்துக் காட்டியிருந்தால், 2016-க்கும் 2021-க்கும் இடையே ஒரு சென்ட் விற்காமலேயே சொத்து சுருங்கித் தெரியும். நிலத்தின் பரப்பை ஒப்பிடுங்கள், சர்வே எண்ணை ஒப்பிடுங்கள், ரூபாயைக் கடைசியில் பாருங்கள். 2019-இல் இருந்து ஐந்தாண்டு வருமான விவரமும் கேட்கிறார்கள்.

சட்டமன்றத்துக்குள் என்ன செய்தார்

பேரவைச் செயலகம் நடவடிக்கைக் குறிப்புகளை எண்ணிம வடிவில் வைத்திருக்கிறது. பேரைப் போட்டு எல்லாவற்றையும் படிக்க ஆயுள் போதாது, எனவே நம் பகுதிக்கு முக்கியமான நாட்களை எடுங்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகள், குறுவை போன ஆண்டுகள், கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்த ஆண்டுகள், நீர்வளம், வேளாண்மை, உணவுத் துறை மானியக் கோரிக்கை விவாதங்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த நாளில் உங்கள் ஆள் எழுந்தாரா, எழுந்து ஏற்கெனவே நடக்கும் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? அமைச்சராகவோ கொறடாவாகவோ இருந்தவர் கேள்வி கேட்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள், அவர்கள் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்த ஊருக்கு எந்த வேலைக்குப் போனது என்ற பட்டியல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆண்டைக் குறிப்பிட்டு, "வேலையின் பெயர், ஊராட்சி, ஒதுக்கிய தொகை, செலவான தொகை, முடிந்த தேதி" என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். 30 நாளில் வராவிட்டால் அங்கேயே மேல்முறையீடு. கிடைத்த பட்டியலைப் படிவம் 20-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிதி ஓட்டு விழுந்த ஊருக்குப் போனதா, விழாத ஊருக்கா என்று தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான்.

அதற்கு முன்னால் இருந்த வாழ்க்கை

நம் பக்கத்து எம்.எல்.ஏ.க்களில் பலர் ஒன்றியச் செயலாளராக, கூட்டுறவுச் சங்கத் தலைவராக, பேரூராட்சித் தலைவராக இருந்து வந்தவர்கள். உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் இருக்கும், அது தனி அமைப்பு. 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்து, பிறகு ஊரகத்துக்கு 2019 டிசம்பரில், நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியில் என்று தள்ளிப்போனது. கிராம ஊராட்சித் தலைவர், கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, ஆகவே அங்கே கட்சிப் பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

எழுதி முடித்த பிறகு

வரைவை இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவர் அவருடைய கட்சிக்காரர், இன்னொருவர் எதிர்க்கட்சியின் பழைய பூத் ஏஜெண்ட். முதல் ஆள் விட்டுப்போன பதவிகளைச் சொல்வார், இரண்டாவது ஆள் விட்டுப்போன தோல்விகளைச் சொல்வார். இருவரும் சொன்னதில் ஆவணத்தில் காட்ட முடிந்ததை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்றதைப் பென்சிலில் ஓரமாக எழுதி வையுங்கள். அடுத்த தேர்தலின் படிவம் 20 வெளிவந்ததும் கட்டத்தில் புது வரியைச் சேர்க்கும் நாளில், அந்தப் பென்சில் குறிப்புகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம்.